தொப்பிப் பட்டையில் இருந்த வாடை: வேட்டை உடைகளோடு ஒரு பருவம்

சென்ற ஆண்டு அக்டோபரின் மூன்றாவது வாரத்தில், மிச்சிகன் மாநிலத்தின் வாட்டர்லூ பொழுதுபோக்குப் பகுதியில் ஓர் ஓக் மரத்தில் கட்டிய பரணில் உட்கார்ந்திருந்தபோது, ஒரு பெட்டை மான் என் கண்ணெதிரில் செய்த காரியம்தான் இங்கே எழுதியிருக்கும் வேலைகள் அனைத்துக்கும் தொடக்கம். காற்று மானிடமிருந்து என் பக்கமாக வீசிக்கொண்டிருந்ததால், என் உடல் வாடை அதற்குப் போய்ச் சேர்ந்திருக்க வழியில்லை. விடியலில் நான் நடந்து வந்த ஒற்றையடிப் பாதையைக் கடக்க வந்த அது, பாதையோரத்து பிளாக்பெர்ரி முட்புதரின் அருகே நின்று, முழங்கால் உயரத்தில் இருந்த ஓர் இலையை மூக்கு படும்படி முகர்ந்தது. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பு அந்த முள்ளில்தான் என் கால்சட்டை மாட்டிக்கொண்டது. குனிந்து, கையால் விடுவித்துக்கொண்டு வந்திருந்தேன். மான் முன்னங்காலை ஒருமுறை தரையில் அடித்தது, மூக்கு வழியாகப் பலமாகச் சீறியது, வாலின் வெள்ளைப் பக்கத்தைக் கொடிபோல் தூக்கிக்கொண்டு ஓடியது. அதன் பின்னால் வந்த இரண்டும் காரணம் கேட்காமல் கூடவே ஓடின.

டெட்ராய்ட்டுக்கு மேற்கே கேன்டனில், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வசிக்கிறேன். அது எனக்கு மூன்றாவது வேட்டைப் பருவம். மிச்சிகனில் வில் வேட்டையின் முதல் கட்டம் அக்டோபர் 1-இல் தொடங்கி நவம்பர் 14 வரை நடக்கும். மறுநாள் துப்பாக்கிப் பருவம் தொடங்கிவிடும். நான் வைத்திருப்பது குறுக்குவில் என்பதால், 30 கஜத்துக்கு மேல் நான் குறி வைப்பதில்லை. அந்த நெருக்கத்துக்கு மான் தானாக வர வேண்டுமானால், அதன் மூக்கை ஏமாற்ற வேண்டும், அல்லது அதன் மூக்குக்கு எட்டாமல் இருக்க வேண்டும். தமிழில் வாடை என்ற ஒரே சொல் நாற்றத்தையும் வடகாற்றையும் குறிப்பது வேட்டைக்காரனுக்கு மிகவும் பொருத்தமான ஏற்பாடு. அதுவரை நான் காற்றாகிய வாடையை மட்டும் கவனித்து, துணியில் இருந்த வாடையைச் சலவை இயந்திரத்திடம் விட்டிருந்தேன்.

வேலையைத் தொடங்கும் முன், எதை எதிர்த்துப் போராடுகிறேன் என்பதை ஓரளவு படித்துத் தெரிந்துகொண்டேன். புதிதாகச் சுரந்த வியர்வைக்குப் பெரிய நெடி கிடையாது. தோலிலும் துணியிலும் வாழும் பாக்டீரியாக்கள், குறிப்பாக அக்குள் சுரப்பிகளிலிருந்து வரும் கொழுப்புச் சத்துள்ள சுரப்பை உடைத்து, சிறு கொழுப்பு அமிலங்களாகவும் கந்தகச் சேர்மங்களாகவும் மாற்றும்போதுதான் நாம் வியர்வை நாற்றம் என்று சொல்வது பிறக்கிறது. 2014-இல் பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உடற்பயிற்சிக்குப் பிறகு கழற்றிய பனியன்களை ஒப்பிட்டு, பருத்தியைவிட பாலியெஸ்டர் துணியே மோசமாக நாறுகிறது என்றும், மைக்ரோகாக்கஸ் வகை பாக்டீரியா அதில் செழித்து வளர்கிறது என்றும் கண்டறிந்தார்கள். வேட்டைக்கென்று கடையில் விற்கும் இலைப்புள்ளி உடைகளில் பெரும்பாலானவை பாலியெஸ்டர்தான் என்பதை என் அலமாரியைத் திறந்து சீட்டுகளைப் படித்துப் பார்த்தபோது உறுதிசெய்துகொண்டேன்.

எந்தத் துணி குற்றவாளி என்று ஊகிப்பதைவிடச் சோதித்துப் பார்ப்பது மேல் என்று தோன்றியதால், பருவம் முடிந்த ஜனவரியில் ஒரு சிறு முகர்தல் சோதனை நடத்தினேன். புதிய கண்ணாடிக் குப்பிகள் எட்டு வாங்கினேன். வீட்டில் ஊறுகாய் பாட்டில்கள் ஏராளமாகக் கிடந்தாலும் அவை உதவாது. எத்தனை முறை கழுவினாலும் மூடியின் உள்வளையம் பெருங்காயத்தை விடுவதில்லை. சிறிய பொருள்களை அப்படியே குப்பியில் போட்டேன். பெரியவற்றின் மீது, கொதிநீரில் அலசிக் காயவைத்த பருத்தித் துண்டை லேசாக ஈரப்படுத்தி அழுத்தித் தேய்த்து அந்தத் துண்டைப் போட்டேன். எல்லாவற்றையும் இறுக மூடி, இரவு முழுவதும் வெப்பக்காற்று வரும் துவாரத்தின் அருகே வைத்தேன். குப்பிகளுக்கு வெறும் எண்கள் மட்டும் இட்டு, காலையில் என் மனைவியையும் மகளையும் முகரச் சொல்லி, பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை மதிப்பெண் கேட்டேன். இந்தக் கோரிக்கையை அவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதை விரித்து எழுத வேண்டியதில்லை.

நான் முழு நம்பிக்கையோடு குற்றம் சாட்டியிருந்த கால்சட்டை இரண்டே மதிப்பெண் பெற்றது. மேலங்கி மூன்று. இருவரிடமும் முழு ஐந்து பெற்றவை தொப்பியும் முதுகுப்பையின் தோள்பட்டையும். பரணிலிருந்து விழாமல் இருக்க உடலோடு பிணைத்துக்கொள்ளும் பாதுகாப்பு வார் நான்கு பெற்றது. கம்பளி உள்ளாடையின் குப்பியைத் திறந்த மகள், "அப்பா, இது பாட்டி வீட்டு பீரோ" என்றாள். அது அந்துருண்டை. ஊரிலிருந்து கொண்டுவந்த பொட்டலத்தைக் கோடையில் அந்த மெரினோ கம்பளி உள்ளாடையோடு சேர்த்து வைத்தது நான்தான். பூச்சி அரிக்காமல் காப்பாற்றியதை மறுக்க முடியாது.

தொப்பியைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் உட்புறத்தில் நெற்றியைச் சுற்றி வரும் பட்டையைப் பிரித்துப் பார்த்தால், மடிப்புக்குள் மெழுகு பூசினதுபோல் பழுப்பு நிறத்தில் ஒரு படலம் இருந்தது. மூன்று பருவங்களாகத் தலையில் தடவிய தேங்காய் எண்ணெயும் வியர்வையும் அங்கே சேர்ந்து, எண்ணெய் சிக்கு நாற்றமெடுத்துப் போயிருந்தது. அதை நான் ஒருமுறைகூடத் துவைத்ததில்லை, ஏனென்றால் தொப்பியை நான் துணி என்றே நினைக்கவில்லை. முள்ளை விடுவித்த கை, அன்று காலை வழி நெடுக அந்தத் தொப்பியைத் தூக்கித் தூக்கி நெற்றியைத் துடைத்த கை.

இங்கேதான் சமையல் சோடாவின் எல்லையும் விளங்கியது. வேட்டைக்காரர்கள் எல்லோரும் பரிந்துரைக்கும் ஆப்ப சோடா, கொழுப்பு அமிலங்களோடு வினைபுரிந்து அவற்றை ஆவியாகாத உப்பாக மாற்றிவிடுவதால், வியர்வை நாற்றத்துக்கு நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் எண்ணெய்ப் படலத்தை அந்த மென்மையான காரத்தால் அசைக்க முடியாது. சோடாக் கரைசலில் ஓர் இரவு முழுவதும் ஊறிய தொப்பி, மறுநாள் மறுபடியும் குப்பியில் நான்கு மதிப்பெண் வாங்கியது. பிறகு, வாசனையும் சாயமும் சேர்க்காத பாத்திரம் கழுவும் திரவத்தை வெதுவெதுப்பான நீரில் கலந்து, பழைய பல்துலக்கியால் பட்டையின் மடிப்புக்குள் மூன்று முறை தேய்த்து, கலங்கிய நீர் தெளியும்வரை அலசினேன். அதற்குப் பிறகு சோடாவில் ஊறவைத்தபோதுதான் மதிப்பெண் ஒன்றுக்கு இறங்கியது. முதலில் எண்ணெய், பிறகு அமிலம் என்ற இந்த வரிசையைத்தான் முதுகுப்பையின் பட்டைகளுக்கும் பின்பற்றினேன். சோடாவின் அளவு நான்கு லிட்டர் நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி. வெதுவெதுப்பான நீரில் முழுவதும் கரைத்துவிட்டுத்தான் துணியைப் போட வேண்டும், இல்லாவிட்டால் கருநிறத் துணியில் வெண்திட்டு படியும். பாதுகாப்பு வாரை மட்டும் மென்மையான சோப்பு நீரில் கையால் கழுவி நிழலில் உலர்த்தினேன். உயிரைத் தாங்கும் நூலில் வெளுப்பான் முதலியவற்றைச் சோதித்துப் பார்ப்பது அறிவுடைமை அன்று. கம்பளிக்குக் காரம் ஆகாது என்பதால் மெரினோவைச் சோடாவில் போடாமல், நறுமணமற்ற கம்பளி சோப்பில் அலசி, இரண்டு வாரம் காற்றாட விட்டேன். அந்துருண்டை நெடி ஏறக்குறைய போய்விட்டது.

துவைப்பதைவிடத் துவைக்கும் இயந்திரம் பெரிய தலைவலியாக இருந்தது. நறுமணமில்லாத சலவைத் திரவத்துக்கு மாறிய பிறகும் உடைகள் லேசாகப் பூவாசம் வீசின. இயந்திரக் கதவின் ரப்பர் வளையத்தை விரலால் விரித்துப் பார்த்தபோது, துணி மிருதுவாக்கியின் வழவழப்பான எச்சம் அதன் மடிப்பில் அப்பியிருந்தது. அதைத் துடைத்தெடுத்து, சலவைச் சோடா மட்டும் போட்டு மிகச் சூடான நீரில் இரண்டு முறை வெறுமனே ஓடவிட்டேன். இரவல் வாங்கிய புறஊதா டார்ச்சை இருட்டறையில் உடைகள் மீது அடித்துப் பார்த்தது தற்செயலான யோசனை. கால்சட்டையின் தொடைப்பகுதி நீலமாக ஒளிர்ந்தது. வழக்கமான சலவைத்தூளில் வெண்மைக்காகச் சேர்க்கும் ஒளிரும் சாயம் அது. மானின் கண்ணில் இரண்டு வகை நிற உணர்விகள்தான் உண்டென்றும், அது சிவப்பைப் பிரித்தறியாது, ஆனால் நீலத்தை நன்றாகவே காணும் என்றும் 1992-இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் நடந்த அளவீடுகள் காட்டின. வாடைக்காக இறங்கிய வேலையில் கண்ணுக்கும் ஒரு பிழை பிடிபட்டது. ஆறு சலவைக்குப் பிறகும் அந்த ஒளிர்வு மங்கியதே தவிர மறையவில்லை. அந்தக் கால்சட்டையை வேலை நாட்களுக்கு ஒதுக்கிவிட்டு வேறொன்று வாங்கினேன்.

காயவைப்பதில்தான் வாய்விட்டுச் சிரிக்கத்தக்க தோல்வி ஏற்பட்டது. வாசனைத் தாள் போட்டுப் பழகிய உலர்த்தியில் போடக்கூடாது என்பதால், கழுவிய உடைகளை எங்கள் பால்கனிக் கொடியில் ஒரு நாள் முழுவதும் தொங்கவிட்டேன். மாலையில் எடுத்து முகர்ந்தால், முன்பைவிடப் பலமான மல்லிகை நெடி. கீழ்வீட்டு உலர்த்தியின் புகைவாய் எங்கள் பால்கனிக்கு நேர் கீழே இருந்தது. போதாக்குறைக்கு, எங்கள் சமையலறைக் காற்றுப்போக்கியும் அந்தப் பக்கமே திறக்கிறது. அன்று மதியம் வீட்டில் மீன் குழம்பு. இனிமேல் ஊருக்கு வெளியே வீடுள்ள ஒரு நண்பரின் பின்புறத்தில் காயவைப்பது என்று முடிவாயிற்று. நம் வீடுகளின் தாளிப்பு மணம் நமக்குத் தெரியாது. திரைச்சீலைகளைப் போலவே அலமாரித் துணிகளும் அதை உள்வாங்கிக்கொள்கின்றன. மேலங்கி பெற்ற மூன்று மதிப்பெண்ணுக்கு எதிரே என் மனைவி எழுதியிருந்த குறிப்பு ஒரே சொல்தான்: வெங்காயம்.

ஆகவே காய்ந்த உடைகள் வீட்டுக்குள் வருவதே இல்லை. ரப்பர் விளிம்பும் நான்கு பூட்டுகளும் கொண்ட பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைப் புதிதாக வாங்கி, அதன் பிளாஸ்டிக் நெடி போக ஒரு வாரம் வெயிலில் திறந்து வைத்து, உடைகளை அதில் அடுக்கினேன். வேட்டையாடும் இடத்து ஓக் இலைகளைச் சேர்த்து வைத்தால் துணி அந்த மணத்தை ஏற்கும் என்று பலர் செய்வதைப் பார்த்து நானும் இரண்டு கை நிறைய அள்ளிப் போட்டேன். இலைகள் கைக்கு உலர்ந்ததாகத்தான் தெரிந்தன. காம்புகளில் ஈரம் இருந்திருக்கிறது. பத்து நாள் கழித்துத் திறந்தால் மக்கல் வாடையும், மேலங்கியின் காலரில் சாம்பல் நிறப் பூசணமும். முழுவதையும் மறுபடி துவைத்தேன். இப்போது இலைகளை ஒரு வாரம் செய்தித்தாளில் பரப்பிக் காயவைத்து, மெல்லிய துணிப்பையில் கட்டித்தான் போடுகிறேன். அதனால் உண்மையில் பயன் உண்டா என்று கேட்டால், என் மன நிறைவைத் தவிர வேறு சான்று இல்லை.

கடையில் விற்கும் இரண்டு தீர்வுகளைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓசோன் கருவி ஒன்றைப் பெட்டிக்குள் பொருத்திப் பார்த்தேன். ஓசோன் நாற்ற மூலக்கூறுகளை ஆக்சிஜனேற்றம் செய்து உடைப்பது உண்மைதான், ஆனால் அது ரப்பரையும் விட்டுவைப்பதில்லை. ஒரு மாதத்தில் கால்சட்டை இடுப்பின் மீள்பட்டை தளர்ந்து, ரப்பர் காலணியின் மடிப்புகளில் கீறல் விட்டது. பெட்டியைத் திறக்கும்போது மூச்சுக்குழலில் உறுத்தலும் இருந்தது. எட்டு மணி நேர வேலைநாளுக்கு அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு விதி அனுமதிக்கும் ஓசோன் அளவு பத்து லட்சத்தில் 0.1 பங்குதான் என்று படித்தபின் அதை ஓரங்கட்டினேன். செறிவூட்டிய கரி சேர்த்த உடை மற்றொன்று. கரி நாற்றத்தைப் பிடித்து வைக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் நிரம்பிப்போன கரியைத் தொழிற்சாலையில் மீட்க 800 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்குகிறார்கள், வீட்டு உலர்த்தியில் அதில் பத்தில் ஒரு பங்கு வெப்பம்கூடக் கிடைப்பதில்லை. 2002-இல் அமெரிக்க வேளாண் துறையின் வனவிலங்கு ஆய்வாளர் ஒருவர் வெளியிட்ட சோதனையில், இத்தகைய உடை அணிந்து ஒளிந்தவர்களைத் தேடல் நாய்கள் ஏறக்குறைய எல்லோரையுமே கண்டுபிடித்துவிட்டன. பெண்மானின் சிறுநீர் அடைத்த குப்பிகளையும் நான் தொடுவதில்லை. அது துணி வாடையை மறைப்பதில்லை என்பது ஒரு காரணம். 2015-இல் அண்டை மாவட்டமான இங்ஹாமில், மிச்சிகனின் காட்டு மான்களில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட, மானின் மூளையைத் தாக்கும் நலிவு நோயின் (CWD) கிருமிப்புரதம் சிறுநீர் வழியாகவும் வெளியேறும் என்பது பெரிய காரணம்.

உண்ணியைத் தடுக்கக் கால்சட்டையில் தெளிக்கும் பெர்மெத்ரின் மருந்தைக் கைவிடலாமா என்று தயங்கினேன். லைம் நோய் தரும் உண்ணிகள் இந்தக் காட்டில் உண்டு என்பதால், தொடர்ந்து தெளிக்கிறேன்; முழுவதும் உலர்ந்துவிட்டால் என் குப்பிச் சோதனையில் அதற்கு நெடி இல்லை. ஆனால் ஒவ்வொரு சலவையும் அதைக் கரைக்கிறது. ஆகவே கால்சட்டையை ஒவ்வொரு முறையும் துவைக்காமல், மரக்கிளையில் தொங்கவிட்டுக் காற்றாட விட்டு, மூன்று பயணத்துக்கு ஒருமுறை மட்டும் துவைத்து மறுபடி தெளிக்கிறேன்.

இவ்வளவும் செய்து தயாரித்த உடையைக் காரில் அணிந்து வந்தால் எல்லாம் வீண். அக்டோபரில், காரை நிறுத்துமிடத்தில் வெறும் பனியனோடு இறங்கி, பெட்டியைத் திறந்து, ஒரு பாய் மீது நின்று உடை மாற்றுகிறேன். பெட்ரோல் முந்தின நாளே போட்டுவிடுவேன். மேலங்கியை அணியாமல் பையில் கட்டிக்கொண்டு மெல்ல நடக்கிறேன். 4 பாகை செல்சியஸ் குளிரில் முதல் ஐந்து நிமிடம் பல் கிட்டிக்கும், ஆனால் பரணுக்குப் போய்ச் சேரும்போது முதுகில் வியர்வை இருக்காது. கால்சட்டையை முழங்கால்வரை வரும் ரப்பர் காலணிக்குள் திணித்துக்கொள்வதால், புதரில் உரசுவது ரப்பர் மட்டும். முள்ளை விலக்கத் தனிக் கையுறை. தொப்பி, நடந்து முடியும்வரை பைக்குள்.

உணவையும் சற்று மாற்றினேன். வெந்தயத்தில் உள்ள சோட்டோலோன் என்ற சேர்மம் வியர்வையிலும் சிறுநீரிலும் அப்படியே வெளிவரும், அதனால்தான் வெந்தயம் அதிகம் உண்டவர் மேல் மேப்பிள் பாகு மணம் வீசுகிறது. மேப்பிள் காட்டில் அது நல்ல மறைப்பாயிற்றே என்று மனைவி கேட்டார். பூண்டுக்கு அப்படி எந்தச் சலுகையும் இல்லை. வேட்டைக்கு இரண்டு நாள் முன்பிருந்து இரண்டையும் விலக்குகிறேன். இதன் பலனை அளக்க எனக்கு வழி இல்லை.

இந்தப் பருவத்தில் பதினான்கு முறை பரணில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறையும் காற்றின் திசை, நான் வந்த பாதையை மான் கடந்ததா, சீறியதா என்பதைக் குறிப்பேட்டில் எழுதினேன். ஒன்பது முறை மான்கள் என் காலடித் தடத்தைக் கடந்தன. அவற்றில் ஒருமுறைதான் ஒரு கிழட்டுப் பெட்டை நின்று, முகர்ந்து, சீறாமல் திரும்பிப் போனது. முந்தின பருவத்தில் என் நினைவில் உள்ளவரை பாதிக்கு மேற்பட்டவை ஓடியிருந்தன. ஆனால் காற்று என்னிடமிருந்து மானுக்குப் போன ஐந்து தருணங்களில், நான்கில் அவை என்னைக் கண்டுபிடித்துவிட்டன. அவற்றில் மூன்று மான்கள் 60 கஜத்துக்கு அப்பாலேயே நின்றுவிட்டன. நான் கழுவியது துணியைத்தான். மூச்சையும் முகத்தையும் கழுவ முடியாது. ஆகவே காற்றைப் பார்க்கும் வேலை குறையவில்லை. அதற்கு இங்குள்ளவர்கள் மில்க்வீட் செடியின் பஞ்சைப் பறக்கவிடுகிறார்கள். முதன்முறை அதன் காயை உடைத்தபோது எனக்குக் கையில் வந்தது எருக்கம்பஞ்சுதான். இரண்டும் ஒரே குடும்பம். காற்றை அறியத் தூவும் மாவுப்பொடி ஐந்தடி தள்ளிக் கண்ணுக்கு மறைந்துவிடும், இந்தப் பஞ்சோ 50 கஜம் மிதந்து போவதை உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்கலாம். மாலையில் வெயில் தணிந்ததும் அது மேலே எழாமல் சரிவை ஒட்டிப் பள்ளத்துக்குள் இறங்குவதைப் பார்த்துத்தான், அந்தப் பள்ளத்தில் மான் நடமாட்டம் எவ்வளவு இருந்தாலும் மாலை வேளையில் மேட்டுப் பரணில் உட்காருவதை நிறுத்தினேன்.

நவம்பர் இரண்டாவது வாரத்தில், பழைய பிளாக்பெர்ரிப் புதர் வழியாகவே மறுபடி நடந்து போனேன். ஏழே முக்காலுக்கு ஓர் இளம் பெட்டை அந்தப் பாதைக்கு வந்தது. புதரருகே நின்றது, மூக்கை நீட்டியது. இலையை முகர்ந்ததா, கடித்ததா என்று முதலில் தெரியவில்லை. தாடை அசைவதைப் பார்த்தபின் விளங்கியது. 22 கஜத்தில் அம்பு விட்டேன். அன்று மாலையே மாநில இயற்கை வளத் துறையின் இணையதளத்தில் மான் வேட்டையைப் பதிவு செய்தேன். 72 மணி நேர அவகாசம் உண்டென்றாலும் மறந்துவிடுவேன்.

குடலை எடுக்கும்போது வலது கைப்பட்டி முழுவதும் ரத்தம். சூடான நீர் பட்டால் ரத்தத்தின் புரதம் உறைந்து நூலோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால், மேலங்கியை நண்பர் வீட்டுப் பின்புறத்தில் வாளியில் குளிர்ந்த நீரில் ஊறவைத்திருக்கிறேன். நீரை இரண்டு முறை மாற்றியாயிற்று. இன்னும் வெளிர்சிவப்பாகத்தான் இறங்குகிறது.